என் பெயரில் போன நன்றிக் கடிதம்

எங்கள் பல்கலைக்கழகத்தின் மாணவர் பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரு வரி விடாமல் வாசிக்கிறவர்கள் ஒஸ்லோவில் எத்தனை பேர் இருப்பார்களோ தெரியாது. நான் ஒருத்தி. "எங்கள் பல்கலைக்கழகம்" என்று வாய் நிறையச் சொல்கிறேனே தவிர, நான் அங்கே படித்தவளும் இல்லை, படிப்பித்தவளும் இல்லை. கன்ரீனில் சூடான சாப்பாட்டுக் கவுண்டரில் நின்று சூப் ஊற்றுகிறவள். பதினெட்டு வருடமாக ஊற்றுகிறேன். பத்திரிகைக் கட்டு வந்து இறங்குவது என் கவுண்டருக்குப் பக்கத்து ராக்கைத் தட்டில். நோர்வேஜிய மொழியில் பாதியை வகுப்பில் படித்தேன், மீதியை அந்த ராக்கையடியில் படித்தேன்.

ஆரம்பத்தில் அந்தச் செய்திகளைப் பார்க்க எனக்குச் சிரிப்புத்தான் வரும். வாசிப்பறையில் கதிரைகள் கிறீச்சிடுகின்றன, அது ஒரு செய்தி. காலையில் ஜாக்கெட்டைக் கதிரையில் போட்டு இடம் பிடித்துவிட்டு மத்தியானம் வரை காணாமல் போகிறவர்களைப் பற்றி இரண்டு பக்க விவாதம். அடுத்த வாரம் அதற்கு மறுப்பு. அதற்கடுத்த வாரம் மறுப்புக்கு மறுப்பு. முற்றத்தில் இருந்து சாப்பிட்ட ஒரு மாணவியின் பாணைக் கடற்பறவை பறித்துக்கொண்டு போனது, படத்துடன். செய்தி என்றால் நெஞ்சு இடிக்கவேண்டும் என்று பழகி வந்தவள் நான். இதென்ன விசர்ப் பத்திரிகை என்று நினைத்தேன்.

போகப் போகத்தான் விளங்கியது. கதிரை கிறீச்சிடுகிறது என்று ஒரு பிள்ளை எழுதினால், இரண்டு கிழமைக்குள் ஓர் ஆள் வந்து குந்தியிருந்து ஒவ்வொரு காலுக்கும் ரப்பர் போடுகிறான். நான் கண்ணால் கண்டேன். வாய் திறந்து சொன்னால் நடக்கும் என்று நம்பி வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். அந்த நம்பிக்கையைப் பார்க்க எனக்கு ஆசையாகவும் இருக்கும், கொஞ்சம் பொறாமையாகவும் இருக்கும்.

அவர்கள் செய்யாத வேலை இல்லை. விரிவுரையில் இருந்துகொண்டே கம்பளிக் காலுறை பின்னுவார்கள். ஒரு கூட்டம் பனிக் காலத்தில் கடலில் குளித்துவிட்டு நடுங்கி நடுங்கி வந்து என்னிடம் சூப் வாங்கும். ஏனடா இந்தச் சித்திரவதை என்று கேட்டால் சிரிக்கும். கீழ்த்தளத்தில் மாணவர்களே ஒரு சிறிய கோப்பிக் கடை நடத்துகிறார்கள். சம்பளம் இல்லாத அந்த வேலைக்கு வரிசையில் நின்று மனுப் போடுகிறார்கள். தேர்தல் காலத்தில் எல்லா அணியும் வாப்பிள் சுட்டுக் கொடுத்து வாக்குக் கேட்கும். எல்லாரிடமும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, தான் நினைத்தவருக்கே போடுகிறான் பாருங்கள், அவன்தான் மாணவன். பாடகர் குழு மாடிப்படியில் நின்று பயிற்சி எடுக்கும்போது நான் கரண்டியைக் கீழே வைத்துவிடுவேன். வரிசையில் நிற்கிறவர்களும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

இந்தக் கவுண்டரை மூடப்போகிறார்கள் என்பதையும் நான் அந்தப் பத்திரிகையில்தான் வாசித்தேன்.

ஆறாம் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டிச் செய்தி. கோடை விடுமுறையோடு சூடான சாப்பாடு நிற்கும். அதற்குப் பதிலாக மூடிய பெட்டிகளில் சாப்பாடு வரும், மாணவர்கள் தாங்களே எடுத்து இயந்திரத்தில் காசு கட்டலாம். ஊழியர்கள் நகரத்துக்கு வெளியே இருக்கிற பொதுச் சமையற்கூடத்துக்கு மாற்றப்படுவார்கள். வேலை போகாது, சம்பளமும் குறையாது. அப்படியென்றால் என்னதான் போகிறது என்று கேட்பீர்கள். யன்னல் இல்லாத ஒரு மண்டபத்தில் நின்று, யார் சாப்பிடப் போகிறார்கள் என்று தெரியாத பெட்டிகளுக்குள் சூப்பை ஊற்றி மூடவேண்டும். எனக்குப் பிள்ளைகள் இல்லை. ஒரு நாளைக்கு நூறு பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்து "நன்றி" என்று சொல்லும் இடத்தை விட்டுப் போவதை நினைத்து அன்று மத்தியானம் குளிரறைக்குள் போய் அழுதேன். அழுது முடியக் கோபம் வந்தது. கோபம் எனக்கு மூக்கு நுனியில் இருப்பது.

அடுத்த நாள் ஒரு பெண்பிள்ளை கவுண்டருக்கு வந்தாள். கையில் குறிப்புப் புத்தகம், தலையில் கம்பளித் தொப்பி. முதலாம் வருட மாணவி என்று தெரியும், இவ்வளவு நாளும் நோர்வேஜிய மொழியில்தான் சூப் வாங்கினாள். அன்றைக்குத் திடீரென்று தமிழில் தொடங்கினாள்.

"அன்ரி, நான் ஹொல்ம்லியாவிலை இருக்கிறன். அப்பா அம்மா சாவகச்சேரி. நான் ஸ்டுடென்ட்-அவிஸுக்கு, இந்த மாணவர் பேப்பருக்கு, எழுதிறனான். இந்தக் கவுண்டரை மூடுறதைப் பற்றி உங்களோடை ஒரு இன்டர்வியூ செய்யலாமோ?"

"பிள்ளை, நீ தமிழெண்டு இவ்வளவு நாளும் சொல்லேல்லை!"

"நீங்களும் கேக்கேல்லைத்தானே," என்றாள்.

எனக்குப் பிடித்துவிட்டது. இடைவேளையில் இருவரும் பின்வாசலில் நின்று கதைத்தோம். "கோபமோ அன்ரி?" என்று கேட்டாள். கேட்டதுதான் தாமதம், நான் கொட்டித் தீர்த்தேன்.

"கோபம் வராமல்? ஒருத்தரும் என்னைக் கேக்கேல்லை. பதினெட்டு வருஷம் நிண்ட மனிசியிட்டை ஒரு சொல்லு கேக்கேல்லை. ஆருக்கெண்டு தெரியாமல் பெட்டிக்குள்ளை ஊத்தி அனுப்ப நான் வரமாட்டன். எனக்கு இந்தப் பிள்ளையளின்ரை முகம் பாக்கோணும். நான் இஞ்சையிருந்து போக விரும்பேல்லை. அப்பிடியே எழுது."

அவள் எழுதினாள். பின்னேரம் நான் எல்லிங்ஸ்ருட்டில் வீட்டுக்கு வந்து சேர, கைபேசியில் அவளுடைய செய்தி வந்து கிடந்தது. நான் சொன்னவற்றை நோர்வேஜிய மொழியில் அழகாக எழுதி, சரியா என்று பார்க்கச் சொல்லியிருந்தாள். இங்கே பத்திரிகைக்காரரிடம் இப்படி ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் சொன்னதை அச்சில் ஏற்றுமுன் அவருக்கே அனுப்பிக் காட்டுவார்கள். பிழையிருந்தால் திருத்தலாம்.

திருத்தலாம் என்ற சொல்லை நான் என் வீட்டுக்காரருக்கு வாசித்துக் காட்டியிருக்கக் கூடாது.

அவர் அல்னா பக்கம் ஒரு குளிர்க் களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிறார். ஆனால் அவருடைய உண்மையான தொழில் நன்றியுரை. ட்வெய்ட்டாவில் எங்கள் ஊர்ச் சங்கம் எந்த விழா வைத்தாலும் கடைசியில் மேடையேறி, மண்டபத் திறப்புக் கோர்வையை வைத்திருந்தவர் வரைக்கும் பெயர் சொல்லி நன்றி சொல்வது அவர்தான். நான் சொன்னதை வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"இதென்னப்பா? சண்டைக்குப் போற மாதிரிக் கிடக்கு. நாளைக்கு மேலிடம் வாசிச்சால் என்ன நினைக்கும்? முதல்லை ஒரு நன்றி சொல்லோணும். வேலை தந்தவைக்கு நன்றி, சாப்பிட வந்தவைக்கு நன்றி. அதுக்குப் பிறகுதான் மிச்சம்."

மேசையில் இருந்து நோர்வேஜிய மொழியில் எழுதத் தொடங்கினார். சொன்னால் நம்பமாட்டீர்கள், நானும் பக்கத்தில் இருந்து சொல்லுக்குச் சொல் எடுத்துக் கொடுத்தேன். மத்தியானம் இருந்த கோபம் எங்கே போனதோ தெரியவில்லை. நிர்வாகத்துக்கு நன்றி, கன்ரீன் பொறுப்பாளருக்கு நன்றி, மாணவச் செல்வங்களுக்கு நன்றி, எங்களை ஏற்றுக்கொண்ட நாட்டுக்கு நன்றி. மிச்சத்துக்கு வரும்போது தாள் முடிந்துவிட்டது. "நிர்வாகம் எடுக்கும் எந்த மாற்றத்தையும் மகிழ்ச்சியுடன் வரவேற்கிறேன்" என்று ஒரு வரியில் முடித்தோம். பாம்பும் சாகாமல் தடியும் நோகாமல் எழுதிய கடிதம். அதைப் பிள்ளைக்கு அனுப்பினேன். அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை.

"உங்கடை பொறுப்பாளருக்கும் ஒரு பிரதி போட்டுவிடும். பேப்பரிலை திடீரெண்டு கண்டு அவவின்ரை மனம் நோகக் கூடாது," என்றார் வீட்டுக்காரர். அதுவும் நல்ல யோசனையாகத்தான் பட்டது. போட்டுவிட்டேன்.

மறுநாள் காலையில் கவுண்டர் திறக்குமுன்பே அந்தப் பிள்ளை வந்து நின்றாள்.

"அன்ரி, இது நீங்கள் சொன்னது இல்லையே."

"திருத்தலாமெண்டு நீதானே எழுதினனீ."

"நான் பிழையா விளங்கியிருந்தால் திருத்தலாம். நீங்கள் யோசிச்சுப் பாத்து வேண்டாமெண்டால், முழுசா எடுத்துவிடுறன். அது உங்கடை விருப்பம், நான் ஒண்டும் கேக்கமாட்டன். ஆனால் இதை நீங்கள் எனக்குச் சொன்னதெண்டு நான் போடமாட்டன். நீங்கள் சொல்லேல்லை."

எனக்குச் சுறுக்கென்றது. "என்ரை பேரிலை நான் எழுதித் தாறன், போட மாட்டனெண்டு சொல்ல நீ ஆர்? நேற்றுப் பிறந்த பிள்ளை எனக்குப் படிப்பிக்க வெளிக்கிட்டிட்டாய்! எடு. எல்லாத்தையும் எடு."

அவளுடைய கண் கலங்கிவிட்டது. ஆனாலும் "ஓம் அன்ரி, எடுத்துவிடுறன்" என்று மட்டும் சொன்னாள், கடிதத்தைப் போடுகிறேன் என்று சொல்லவில்லை. அந்த வாரப் பத்திரிகையில் அவளுடைய கட்டுரை உள்ளே எங்கேயோ கால் பக்கத்துக்கு வந்தது. நான் சொன்னது ஒரு சொல்கூட இல்லை. அது முதற்பக்கத்துக்கு என்று ஒதுக்கியிருந்த செய்தி என்றும், என் பேட்டி இல்லாததால் உள்ளே போனது என்றும் பின்னால்தான் கேள்விப்பட்டேன். அது தெரியாமல் நான் ஒரு கிழமை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அவளுக்குச் சூப் ஊற்றினேன்.

அதற்குப் பிறகு அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. மாணவர் பொதுக்கூட்டம், வேலை முடிகிற நேரத்துக்கு, பெரிய விரிவுரை மண்டபத்தில். கன்ரீன் விடயமும் பட்டியலில் இருந்தது. ஊழியர்களும் வரலாம், கதைக்கலாம், வாக்குத்தான் இல்லை. கன்ரீன்களை நடத்தும் நிர்வாக சபையில் மாணவர்களும் இருப்பதால், இந்தக் கூட்டம் எதிர்த்து வாக்களித்தால் சபை தன் முடிவைத் திரும்பப் பார்க்கவேண்டும். நான் கதைக்கப் போகவில்லை. சும்மா பின்வரிசையில் இருந்து பார்த்துவிட்டு வருவோம் என்றுதான் மேலங்கியைக்கூடக் கழற்றாமல் போய் இருந்தேன்.

அந்தக் கூட்டத்தை நடத்திய பெண்ணுக்கு இருபது வயது இருந்தால் அதிகம். வாசலிலேயே எல்லாருக்கும் இலக்கமிட்ட ஓர் அட்டை தந்தார்கள். கதைக்க விரும்பினால் அட்டையை உயர்த்தவேண்டும். ஒருவருக்கு இரண்டு நிமிடம். முன்பு ஒரு தடவையும் கதைக்காதவருக்கு முதலிடம். ஒரு பேராசிரியர் எழுந்து, நரைத்த தாடியைத் தடவித் தடவி, தான் படித்த காலத்துக் கன்ரீனிலிருந்து தொடங்கினார். இரண்டு நிமிடம் முடிந்ததும் "நன்றி, உங்கள் நேரம் முடிந்தது" என்றாள் அந்தப் பெண். பேராசிரியர் வசனத்தின் நடுவில் நிறுத்திவிட்டுக் கதிரையில் இருந்தார். எங்கள் சங்கக் கூட்டங்களில் ஒலிவாங்கியைப் பறிக்க நாலு பேர் போகவேண்டும். நான் அந்தப் பெண்ணை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு நிர்வாக சபையில் இருக்கும் மாணவர் ஒருவர் எழுந்தார். எனக்குத் தெரிந்த முகம். வியாழக்கிழமைகளில் பாண் வேண்டாம் என்று சொல்லிப் பருப்புச் சூப் மட்டும் வாங்குகிறவர், நல்ல பண்பான பிள்ளை. ஏன் மூடுகிறார்கள் என்று நிதானமாக விளக்கினார். ஊழியர்களைப் பற்றியும் யோசித்தோம், அவர்களுடைய கருத்தும் எங்களிடம் இருக்கிறது என்று சொல்லி, திரையில் ஒரு தாளைக் காட்டினார்.

என்னுடைய நன்றிக் கடிதம்.

பொறுப்பாளர் அதை நல்ல மனத்துடன்தான் மேலே அனுப்பியிருந்தார். மேலே இருந்தவர்கள் அதைக் கோப்பில் சேர்த்துவிட்டார்கள். பெயர் மறைத்திருந்தது. அந்த மாணவர் அதைச் சத்தமாக வாசித்தார். மாணவச் செல்வங்கள் என்ற இடத்தில் அவருடைய குரல் கொஞ்சம் இளகியது. "எந்த மாற்றத்தையும் மகிழ்ச்சியுடன் வரவேற்கிறேன்" என்று வாசித்து முடித்ததும் மண்டபம் கைதட்டியது. எவ்வளவு பெருந்தன்மையான மனிசி என்று எனக்குத்தான் கைதட்டினார்கள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் என் நன்றியால் கெட்டேன்.

பத்திரிகைக்காக முன்வரிசையில் மடிக்கணினியோடு இருந்த அந்தத் தமிழ்ப் பிள்ளை திரும்பி என்னைப் பார்த்தாள். மண்டபம் முழுவதிலும் அவள் ஒருத்திக்குத்தான் உண்மை தெரியும். எழுந்து ஒரு சொல் சொல்லியிருந்தால் எல்லாம் மாறியிருக்கும், அவளுக்கு முதற்பக்கமும் கிடைத்திருக்கும். அவள் எழும்பவில்லை. நான் எடுக்கச் சொன்னதை அவள் ஒருவரிடமும் மூச்சுவிடவில்லை, அன்றும் விடவில்லை. திரும்பவும் குனிந்து எழுதத் தொடங்கினாள். அந்த இடத்தில் எனக்கு அவள்மேல் வந்த மரியாதையைச் சொல்லி முடியாது. அவளுடைய தாய் தகப்பன் கொடுத்துவைத்தவர்கள் என்று நினைத்தேன். என்னை நினைக்க வெட்கமாக இருந்தது.

நான் அட்டையை உயர்த்தினேன். பட்டியலில் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். "முதல் தடவை கதைக்கிறவர்," என்று என்னை முன்னுக்கு அழைத்தாள் தலைவி.

"அந்தக் கடிதம் என்னுடையது," என்றேன் நோர்வேஜிய மொழியில். "நானும் என் கணவரும் எழுதினோம். நாங்கள் முதலில் நன்றி சொல்லப் பழகியவர்கள். நன்றி சொல்லி முடியும்போது தாளில் இடம் இருக்கவில்லை. ஆகவே எழுதாததை இப்போது சொல்கிறேன். என்னை ஒருவரும் கேட்கவில்லை. எனக்குக் கோபம். யார் சாப்பிடுகிறார்கள் என்று தெரியாமல் பெட்டிக்குள் சூப் ஊற்ற எனக்கு விருப்பமில்லை. நான் உங்களுடைய முகங்களைப் பார்க்கவேண்டும். நான் போக விரும்பவில்லை."

அவ்வளவுதான். இரண்டு நிமிடத்தில் பாதிகூட முடியவில்லை. இம்முறை ஒருவரும் கைதட்டவில்லை. திரையில் என் கடிதம் இன்னும் தெரிந்துகொண்டிருந்தது. சபை மாணவர் எழுந்து நின்றார். முகம் சிவந்துவிட்டது. "அப்படியென்றால் நாங்கள் உங்களைக் கேட்கவே இல்லை," என்றார். "நான் இந்தத் தாளைப் பார்த்து, கேட்டாகிவிட்டது என்று நினைத்தேன். அது என்னுடைய பிழை. நான் மூடுவதற்கு வாக்களித்தவன். அதையும் நீங்கள் தெரிந்துகொள்ளவேண்டும்." இத்தனை பேருக்கு முன்னால் பிழை என்னுடையது என்று சொல்ல அந்த வயதில் எத்தனை பேருக்கு வாய் வரும்? அந்த வயதை விடுங்கள், என் வயதில் எத்தனை பேருக்கு வரும்?

கூட்டக் குறிப்பு எழுதியவர் என்னிடம் கேட்டார், கடிதத்தைத் திரும்பப் பெற்றதாகப் பதியவா என்று.

"வேண்டாம், நன்றி உண்மைதான், அது இருக்கட்டும். கடைசி வரியை மட்டும் வெட்டிவிட்டு, போக விருப்பமில்லை என்று எழுதுங்கள்."

வாக்கெடுப்பில் மூடுவதற்கு எதிராக அட்டைகள் உயர்ந்தபோது எனக்கு எண்ணவேண்டிய தேவை இருக்கவில்லை. பருப்புச் சூப் மாணவரும் உயர்த்தினார். சில கிழமைகள் கழித்து நிர்வாக சபை திரும்பக் கூடியது. கவுண்டரில் வேலை செய்யும் எங்கள் மூவரையும், பாத்திரம் கழுவுகிறவரையும் சேர்த்து, ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டார்கள். கவுண்டர் தொடரும், ஆனால் வெள்ளிக்கிழமை இருக்காது என்று முடிவானது. வெள்ளியில் எப்படியும் பாதிப் பிள்ளைகள் வருவதில்லை, எனக்கு அது பெரிய குறையில்லை.

செய்தி முதற்பக்கத்தில் வந்தது, அந்தப் பிள்ளையின் பெயரோடு. பொதுக்கூட்டத்தில் நான் சொன்னதை அச்சுக்கு முன் எனக்கு அனுப்பிக் காட்டினாள். "ஓம்" என்ற ஒரு சொல்லை மட்டும் திருப்பி அனுப்பினேன், வீட்டுக்காரருக்குக் காட்டவில்லை.

சனிக்கிழமை காலையில் பத்திரிகையை அவருக்கு முன்னால் மேசையில் வைத்தேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டு முழுவதையும் வாசித்தார். கோபிப்பார் என்று எதிர்பார்த்துக்கொண்டு நான் அடுப்படியில் நின்றேன். ஒரு வரியிலே விரலை வைத்தார்.

"போக விருப்பமில்லையெண்டு சொன்னவுடனை, அவை ஒண்டும் சொல்லேல்லையோ?"

"இல்லை. பிழை தங்கடையெண்டு சொன்னவை."

பத்திரிகையை மடித்தார். பிறகு விரித்தார். இருபத்திரண்டு வருடமாக, வேலை எப்படி என்று நான் கேட்ட ஒவ்வொரு நாளும் "நல்லம்" என்று சொன்ன மனிதர் அவர்.

"எனக்கு அந்தக் குளிர் வேலை ஒரு நாளும் பிடிக்கேல்லை," என்றார்.

நான் அடுப்பை நிற்பாட்டிவிட்டு, ஒரு கதிரையை இழுத்து அவருக்கு முன்னால் போட்டு இருந்தேன்.

"சொல்லுங்கோ," என்றேன்.